அரியரத்தினம் குளிக்கிறார்

“அரியரத்தினம் இருக்கிறாரோ?” என்று வாசலில் நின்ற பெண் கேட்டாள்.

“குளிக்கிறார்” என்றான் கிருபன்.

யோசித்துச் சொன்னதல்ல. முழங்காலில் தட்டினால் கால் தானாக உதறுவதுபோல வாயிலிருந்து வந்தது. பஹ்ரைனின் குதைபியாவில் இருந்த அந்தப் பழைய மாடிவீட்டில் மணி அடித்து அரியரத்தினத்தை யார் கேட்டாலும் அவர் குளிக்கிறார் என்றுதான் சொல்ல வேண்டும். புதிதாக வருபவனுக்குச் சாவியைக் கொடுக்குமுன்பே சொல்லிக்கொடுக்கும் விதி அது. வழக்கமாகக் கேட்கிறவர் ஒரே ஒருவர்தான், வீட்டுக்காரரின் குமாஸ்தா முகம்மது ரிபாய். ஜனவரியில் ஒரு வெள்ளிக்கிழமை வருட ஒப்பந்தத்தோடு படியேறி வருவார். அரியரத்தினம் குளித்துக்கொண்டிருப்பார். யாராவது ஒருவன் கடதாசியை உள்ளே கொண்டுபோய், கையெழுத்தோடு திரும்பக் கொண்டுவந்து கொடுப்பான். “உங்க அரியரத்தினம் மாதிரி சுத்தமான ஆளை நான் பஹ்ரைன்லயே பாத்ததில்ல தம்பி” என்று இந்த ஜனவரியில் ரிபாய் சொன்னார். அவருக்கு எவ்வளவு தெரியும் என்பது தெரியாது. தேநீரைக் குடித்துவிட்டுப் போய்விட்டார்.

வாசலில் நின்றவளுக்கு இருபது வயதிருக்கும். ஏதோ மருத்துவமனையின் பெயர் தைத்த நீலச் சட்டை போட்டிருந்தாள். நெற்றியில் வியர்வை. “அப்ப நான் இருக்கிறன்” என்றாள். சப்பாத்தைக் கழற்றிச் சுவரோரமாக வைத்துவிட்டு உள்ளே வந்தாள். கூடத்தில் எட்டுப் பேரின் துணிகள் காய்ந்துகொண்டிருந்தன. அவற்றுக்குக் கீழே குனிந்து போய், குளியலறைக் கதவுக்கு நேரெதிரே கிடந்த பிளாஸ்டிக் கதிரையில் உட்கார்ந்தாள். கதவுக்குப் பின்னால் தண்ணீர் விழும் சத்தம் கேட்டது. யாரோ காறித் துப்பினார். அவள் கைப்பேசியில் ஏதோ தட்டிப் பைக்குள் வைத்துவிட்டு, நிமிர்ந்து உட்கார்ந்து கதவையே பார்த்தாள்.

உள்ளே குளித்தது பாலா. விடுதிச் சங்கத்தின் பஹ்ரைன் கிளைச் செயலாளர். மற்ற ஆறு பேரும் காலையிலேயே கிரிக்கெட் மட்டையோடு போயிருந்தார்கள். கிருபன் ஜுஃபைரில் ஒரு ஹோட்டலின் சலவைக்கூடத்தில் இரவு வேலை பார்ப்பவன். ஏழு மணிக்கு வந்து, தூக்கம் வராமல் முட்டை பொரித்துக்கொண்டிருந்தான். அவன் போய் அடுப்பை அணைத்தான். கை பிளீச் மணத்தது. பெண்களே வராத வீடு அது. ஒரே வீட்டில் எத்தனை பேர் இருக்கிறார்கள் என்று எண்ண மாநகராட்சியிலிருந்து ஆள் அனுப்பியிருப்பார்களோ என்று முதலில் பயந்தான். மாநகராட்சி யாழ்ப்பாணத் தமிழில் பேசாது என்பது அதற்குப் பிறகுதான் உறைத்தது.

யாழ்ப்பாணத்துத் தொழில்நுட்பக் கல்லூரி ஒன்றின் கிழக்கு விடுதியில் இருந்தவர்கள் சங்கமாகச் சேர்ந்து வைத்திருக்கும் வீடு அது. கல்லூரியை எல்லோரும் மறந்துவிட்டார்கள், விடுதியை ஒருவனும் மறக்கவில்லை. லண்டனில் ஒரு கிளை, டொராண்டோவில் ஒரு கிளை, தோகாவில் ஒன்று, இங்கே ஒன்று. எந்த ஊரில் கிளை இருக்கிறதோ அந்த ஊரில் ஒரு வீடு இருக்கும். விமானத்தை விட்டு இறங்குகிற கிழக்கு விடுதிக்காரன் நேரே அங்கே வந்து பையை வைக்கலாம், முதல் மூன்று மாதம் ஒன்றும் கேட்கமாட்டார்கள். கிருபன் படிப்பை முடிக்காதவன். இரண்டாம் வருடம் ஒரு காலை பரீட்சைக்குப் போகாமல் கட்டிலில் படுத்திருந்தான், மறுநாளும் போகவில்லை, அவ்வளவுதான் காரணம். ஆனால் விடுதியில் பதினாறு மாதம் இருந்திருக்கிறான். சங்கத்துக்கு அது போதுமாயிருந்தது.

விடுதியில் புதியவனை முழங்காலில் நடக்கவிடுவார்கள், வாளித் தண்ணீரைத் தலையில் வைத்துப் பாட்டுப் பாடச் சொல்வார்கள். குதைபியாவில் அதற்கெல்லாம் இடமில்லை. இங்கே புதியவன் செய்ய வேண்டியது ஒன்றுதான். பழைய பேப்பரில் நூறு தடவை அரியரத்தினத்தின் கையெழுத்தைப் போட வேண்டும். சுற்றியிருந்து எல்லோரும் பார்ப்பார்கள், நக்கலடிப்பார்கள். கடைசியில் போன வருட ஒப்பந்தத்தோடு வைத்துப் பார்த்துச் சரியென்றால் சாவியும் பிரியாணியும். ஏனென்று கேட்டபோது பாலா சொன்ன விளக்கம் சின்னது. வீட்டை முதல் எடுத்தவர் அரியரத்தினம். அவர் கனடா போய்விட்டார். பெயரை மாற்றப் போனால் பழைய ஒப்பந்தம் செல்லாது, புது வாடகை போடுவார்கள், பிறகு இந்த வீடு நமக்கில்லை. கிருபனுக்கு அறுபத்து மூன்றாவது தடவையிலேயே வந்துவிட்டது. “இவன் அரியத்தைவிட அரியம்டா” என்று பாலா முதுகில் தட்டினார். வாழ்க்கையில் அவன் தேறிய ஒரே பரீட்சை. அந்தப் பேப்பரை மடித்துப் பெட்டியின் அடியில் வைத்திருக்கிறான். இந்த வருட ஒப்பந்தத்தில் இருப்பதும் அவன் போட்ட கையெழுத்துத்தான்.

“தேத்தண்ணி குடிக்கிறீங்களோ?” என்றான்.

“வேண்டாம். அவர் வரட்டும்.”

“நீங்கள் ஆர்?”

அவள் கதவிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. “சிவரூபி. அவற்ற மகள்.”

கிருபன் சுவரில் சாய்ந்தான். அவனுக்கு முதலில் வந்தது எரிச்சல்தான். கனடாவில் இருக்கிற தகப்பனைப் பஹ்ரைனில் வந்து தேடுகிற பெண். குடும்பத்தை விட்டு ஓடிய மனிதனின் கையெழுத்தையா இவ்வளவு காலமும் வழிபட்டோம் என்று நினைத்தான். “தங்கச்சி, அவர் இப்ப இஞ்ச இல்லை” என்று தொடங்கினான்.

“குளிக்கிறார் எண்டு சொன்னீங்கள்.”

“அது சும்மா…”

“கீழ தையல்கடையில வீட்டுக்காரற்ற குமாஸ்தா எண்டு ஒரு ஐயா இருந்தவர். அரியரத்தினம் வீடு எது எண்டு கேட்டனான். ‘மேலதாம்மா இருக்காரு, ஜனவரில கூட கையெழுத்துப் போட்டுக் குடுத்தாரே’ எண்டவர். நீங்கள் ஏன் இப்ப மாத்திக் கதைக்கிறீங்கள்?” குரலை உயர்த்தவில்லை. பையிலிருந்து கைப்பேசியை எடுத்து ஒரு படத்தைக் காட்டினாள். “இதைப் போட்டது ஆர்?”

அதைப் போட்டது அவன்தான். சங்கத்துக்கு ஐம்பதாவது வருடம். ஒவ்வொரு கிளையும் தன் வீட்டின் வரலாற்றை எழுதிக் கொடுக்க வேண்டும், மலர் வருகிறது. லண்டன்காரர் சொந்தமாக வீடு வாங்கிய கதையை எழுதினார்கள். டொராண்டோக்காரர் மண்டபம் கட்டிய கதையை எழுதினார்கள். பஹ்ரைனில் எல்லோருக்கும் பகல் வேலை. வீட்டில் பகலில் இருப்பவன் இவன் ஒருவன்தான் என்பதால் இவன் தலையில் கட்டினார்கள். படிப்பை முடிக்காதவனைக்கொண்டு கல்லூரி வரலாறு எழுதுவிக்கிறார்கள் என்று சிரித்தான், ஆனால் மனம் வைத்துச் செய்தான். அலுமாரிக்கு மேலிருந்த பிஸ்கட் டின்னில் இருபத்தொரு வருட ஒப்பந்தங்களும் இருந்தன. எல்லாக் கையெழுத்தையும் படமெடுத்து, வெட்டி, வருடத்தோடு ஒன்றன்கீழ் ஒன்றாக அடுக்கினான். வீட்டு இலக்கம் எழுதிய நீலத் தகட்டையும் பக்கத்தில் வைத்தான். ‘இருபத்தொரு வருடம், ஒரே கை’ என்று தலைப்பும் கொடுத்தான். மூன்று கிழமைக்கு முன் சங்கத்தின் பேஸ்புக் பக்கத்தில் போட்டபோது நானூறு பேர் விருப்பம் தெரிவித்தார்கள். விஷயம் தெரிந்தவர்கள் சிரித்துக்கொண்டே விரும்பினார்கள்.

“நான்தான் போட்டனான்” என்றான்.

“நல்லது” என்றாள். “அப்பா லீவில ஊருக்கு வந்தது எனக்கு நாலு வயசில. வந்து நிக்கேக்க பாதை பூட்டிட்டாங்கள். திரும்பிப் போகேலாமல் போச்சு. பிறகு சண்டை. கடைசி நாள் நாங்கள் மூண்டு பேரும் சனத்தோட சனமாத்தான் வந்தனாங்கள். பேர் பதியவேணும் எண்டு சொல்லி ஆமிக்காரர் ஆம்பிளையளைத் தனியப் பஸ்ஸில ஏத்தினவை. நான் அவற்ற தோளில இருந்தனானாம். இறக்கி அம்மாட்டைக் குடுத்திட்டு ஏறினவராம். எனக்கு அது ஞாபகம் இல்லை. அவற்ற சேட்டுக் கொலர் மட்டும் ஞாபகம்.” மனப்பாடமாகச் சொன்னாள். பல தடவை, பல மேசைகளுக்கு முன்னால் சொல்லிப் பழகிய பேச்சு. “அது ரெண்டாயிரத்தி ஒன்பது வைகாசி. உங்கட படத்தில ரெண்டாயிரத்திப் பத்து இருக்கு. பதினஞ்சு இருக்கு. இந்த வருசமும் இருக்கு.”

கிருபனுக்குக் காதுக்குள் சலவைக்கூடத்து இயந்திரம் சுற்றுவதுபோல இருந்தது. கனடா என்று இனிச் சொல்ல முடியாது. உட்கார வேண்டும்போல இருந்தது, கதிரை ஒன்றுதான் இருந்தது. தரையில் உட்கார்ந்தான். பேப்பரில் அறுபத்து மூன்று தடவை எழுதியது யாருடைய பெயர் என்று அவன் ஒருநாளும் நினைத்ததில்லை. அது ஒரு பெயர்கூட இல்லை, வளைவும் நெளிவுமான ஒரு கோடு, சாவிக்கான விலை.

“அம்மா பதினஞ்சு வருசம், காணாமல் போனவையின்ர சனத்தோட ரோட்டில படத்தை வச்சுக்கொண்டு இருந்தவ” என்றாள் சிவரூபி. “செத்தார் எண்டு சேர்டிபிகேட் தாறம், எடுங்கோ எண்டு எத்தினை பேர் வந்தவை. அந்தக் கடதாசியைச் சுருட்டி அவையை அடிக்காத குறை. போன மார்கழியில என்னெண்டு தெரியேல்லை, ‘காணும், களைச்சுப் போனன்’ எண்டிட்டா. பொட்டை எடுத்தா. செத்தவைக்குச் செய்யிற கடமையைக் கீரிமலையில அப்பாவுக்குச் செய்ய நாளும் வச்சாச்சு. நான் இஞ்ச வேலையில லீவு போட்டு ஊருக்கு ரிக்கெற்றும் எடுத்திட்டன். அந்தக் கிழமைதான் ஆரோ ஒரு ஆள் இந்தப் படத்தைக் கொண்டுபோய்க் காட்டியிருக்கு.”

குளியலறையில் தண்ணீர் நின்றது. வாளி நகரும் சத்தம். அவள் பேச்சை நிறுத்தினாள். மறுபடி தண்ணீர் விழத் தொடங்கியதும் தொடர்ந்தாள்.

“இப்பத் திரும்பவும் பொட்டு வைக்கிறா. சந்தோசத்தில இல்லை. ‘உயிரோட இருந்துகொண்டு ஒரு போன் எடுக்கேல்லை’ எண்டு ஒருக்காச் சொன்னவ, பிறகு கதையே இல்லை. அந்தப் படத்தைப் பெருப்பிச்சுப் பெருப்பிச்சுப் பாத்துக்கொண்டு இருக்கிறா. முந்தி அப்பா கையெழுத்துக்குக் கீழ புள்ளி வைக்கிறேல்லையாம். இதில ரெண்டு புள்ளி இருக்காம். ‘வயசு போனா ஆக்களின்ர கையும் மாறுமெல்லோ பிள்ளை’ எண்டு தானே ஒரு சமாதானமும் சொல்லிக்கொண்டா.”

கிருபன் அவள் கையிலிருந்த படத்தைப் பார்த்தான். முதல் ஐந்து கையெழுத்தும் ஒரே வீச்சில் போட்டவை. புள்ளி இல்லை. ஆறாவதிலிருந்து வால் முடிகிற இடத்துக்குக் கீழே இரண்டு புள்ளிகள். அவன் மணிக்கணக்கில் உட்கார்ந்து வெட்டி ஒட்டிய படம். பார்த்திருக்கிறான், காணவில்லை. அவனுடைய புள்ளிகள்தான் எல்லாவற்றிலும் அழகாக இருந்தன.

கதவு திறந்தது.

பாலா இடுப்பில் துவாயோடு, தலையிலிருந்து தண்ணீர் வடிய வெளியே வந்தார். நாற்பத்தைந்து வயது, முன்பக்கம் வழுக்கை, தொந்தி. சிவரூபி எழுந்து நின்றாள். ஓரடி முன்னே வைத்தாள். அவளிடம் இருந்தது ஒரு சட்டைக் கொலரின் ஞாபகமும், வீட்டில் மாட்டியிருக்கும் முப்பத்தைந்து வயது மனிதனின் படமும் மட்டும்தான். அந்த இரண்டையும் வைத்துக்கொண்டு அவள் எதிரே நின்ற முகத்தை மூக்கு மூக்காகவும் காது காதாகவும் தேடினாள். வாய் லேசாகத் திறந்து, ‘அ’ என்ற எழுத்தின் வடிவத்துக்கு வந்து நின்றது. கிருபன் தலையைக் குனிந்துகொண்டான். அந்த முகத்தை அதற்குமேல் பார்த்தால் தன்னால் இனித் தூங்க முடியாது என்று நினைத்தான்.

“ஆரடா இது?” என்றார் பாலா.

“அரியரத்தினத்தின்ர மகள்.”

பாலா துவாயை இறுக்கிப் பிடித்தார். முகத்திலிருந்து ஏதோ வடிந்து போனது. “இருங்கோ பிள்ளை, உடுப்பு மாத்திக்கொண்டு வாறன்” என்று சொல்லிவிட்டு அறைக்குப் போகவில்லை, கிருபனின் தோளைப் பிடித்துக் குசினிக்குள் தள்ளிக்கொண்டு போனார்.

“கனடா எண்டு சொன்னியோ?”

“அவர் கனடா போனவரோ, பாலாண்ணை?”

பாலா ஆறிப்போன முட்டையைப் பார்த்துக்கொண்டு நின்றார். “ரெண்டாயிரத்தி ஒன்பது ஜனவரியில ரிபாய் பேப்பரோட வந்து நிக்கிறார். அரியம் சண்டைக்குள்ள அம்பிட்டுப் போனான் எண்டு தெரியும். ஆனா உயிரோட இருந்தவன், ஆரோ மூலம் கதை வந்தது. வந்திடுவான், வந்தா அவனுக்கு ஒரு வீடு இருக்க வேணும். நான்தான் உந்தக் குளிக்கிற கதையைச் சொன்னனான். நான்தான் போட்டனான். கை நடுங்கிப் பேனை ரெண்டு தரம் பேப்பரில குத்துப்பட்டுது.” தலையிலிருந்து வடிந்த தண்ணீரைத் துடைத்தார். “அடுத்த வருசம் திரும்ப வந்து நிக்கிறார். அப்ப ஒரு கதையும் இல்லை. போடாமல் விட்டால் அவன் செத்திட்டான் எண்டு நான் எழுதிக் குடுக்கிற மாதிரி. போட்டன். போன வருசத்துப் பேப்பரோட ஒத்து வரவேணும் எண்டு புள்ளியையும் வச்சன். பிறகு வந்த பெடியள் கேட்டாங்கள். கனடா எண்டன்.”

“எங்களுக்குச் சொல்லியிருக்கலாமெல்லோ.”

“என்னத்தை? செத்தவன்ர கையெழுத்தைப் போட்டுப் பழகு எண்டோ?” குரலைத் தாழ்த்தினார். “இப்பக் கேள். கனடா எண்டே சொல்லு. கள்ளக் கையெழுத்து எண்டு வெளியில போச்சுதெண்டால் எட்டுப் பேருக்கும் பொலிஸ், பிறகு ஏத்தி அனுப்புவாங்கள். நான் எங்கயாவது போய்ப் பிழைப்பன். உன்னட்டைச் சேர்டிபிகேட்டும் இல்லை. அங்க போய் என்னத்தைக் கிழிப்பாய்? இந்த வீட்டைத் தவிர உனக்கு என்ன கிடக்கு?”

சரியாகத்தான் சொன்னார். கிருபனுக்கும் அது தெரிந்துதான் இருந்தது. இந்த வீட்டுக்கு வெளியே தன்னை ஒரு ஆளாகக் கணக்கில் எடுத்த இடம் எதுவும் அவன் நினைவுக்கு வரவில்லை. “கனடா எண்டால் அவர் உயிரோட இருக்கிறார் எண்டாகும்” என்றான்.

“இருக்கட்டுமன். அதால ஆருக்கு என்ன நட்டம்?”

குசினி வாசலில் சிவரூபி நின்றாள். எப்போது வந்தாள் என்று தெரியவில்லை. இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தாள். எதைக் கேட்டாள், எதைக் கேட்கவில்லை என்பதை முகம் காட்டவில்லை. கையிலிருந்த கைப்பேசி அதிர்ந்துகொண்டிருந்தது. அவள் எடுத்தாள். வீடியோ அழைப்பு. திரையில் ஒரு பெண், தலை பாதி நரைத்தவள், நெற்றியில் பெரிய குங்குமப் பொட்டு. கதிரையின் நுனியில் உட்கார்ந்திருந்தாள். நல்ல சேலை ஒன்றைக் கட்டியிருந்தாள்.

“ரூபி, அப்பாவைக் கண்டனியே?” தாய் கமலேஸ்வரியின் குரல் பிளாஸ்டிக் கதிரையையும் காய்கிற துணிகளையும் தாண்டி வீடு முழுக்கக் கேட்டது. “குளிக்கிறார் எண்டு மெசேச் போட்டாய். அரை மணித்தியாலம் ஆச்சு. குளிச்சு முடியேல்லையே?”

சிவரூபி திரையிலிருந்து கண்ணை எடுத்தாள். கிருபனைப் பார்த்தாள். நீ தொடங்கியது, நீயே முடி என்பதுபோல.

பாலா மெல்ல, உதடு அசையாமல், “கிருபன்” என்றார்.

கிருபன் கூடத்துக்குப் போனான். ஜன்னலோர மேசையில் மலருக்காக அவன் எழுதிய கடதாசிகள் கிடந்தன. ‘பஹ்ரைன் கிளையின் வீடும் வரலாறும்’ என்று முதல் பக்கத்தில் இரண்டு தடவை அடிக்கோடிட்டிருந்தான். அதை எடுத்துத் திருப்பிப் போட்டான். பின்பக்கம் வெறுமையாக இருந்தது. பேனையின் மூடியைக் கழற்றினான். “அம்மாவை இதைப் பாக்கச் சொல்லுங்கோ” என்றான். “போனைக் கிட்டக் கொண்டுவாங்கோ. என்ர கையைக் காட்டுங்கோ.”

“டேய்” என்றார் பாலா. பிறகு துவாயோடு சுவரில் சாய்ந்து நின்றார்.

சிவரூபி கைப்பேசியைக் கடதாசிக்கு மேலே பிடித்தாள். மற்றக் கையால் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். திரையில் அந்த அம்மா, “ஆர் பிள்ளை இது? அப்பா எங்க?” என்று கேட்டபடி மூக்குக்கண்ணாடியைத் தேடி எடுத்து மாட்டுவது தெரிந்தது. முகம் திரைக்கு அருகே வந்தது. பொட்டின் ஓரம் வியர்வையில் கரைந்திருந்தது.

கிருபன் எழுதத் தொடங்கினான். அவசரப்படவில்லை. முதல் வளைவு, மேலே ஏறுகிற கோடு, ஒன்றுக்குள் ஒன்று புகுந்த இரண்டு சுழி, இடது பக்கம் திரும்பி வருகிற நீண்ட வால். ஜனவரிக்குப் பிறகும் அவன் கை அதை மறந்திருக்கவில்லை. திரையில் அந்தக் கண்கள் பேனையின் நுனியோடு நகர்ந்தன. வால் முடிந்தது. ஒரு புள்ளி வைத்தான்.

இரண்டாவதை வைக்கப் பேனையைத் தூக்கியவன் அப்படியே பிடித்துக்கொண்டு நின்றான். திரையில் அந்த அம்மாவின் விரல் மெல்ல நெற்றிப் பொட்டுக்குப் போனது. குளியலறையில் பாலா சரியாக மூடாமல் வந்த குழாயிலிருந்து வாளிக்குள் தண்ணீர் விழுந்துகொண்டிருந்தது.